உடம்புக்குள் ஒரு வண்ணாரப்பேட்டை!

சொன்னபடி கேட்கும் சிறுநீரகம். அதன் காதை அடைக்கும் மது

தீபாவளி வந்தால் வடசென்னைக் குடும்பங்கள் வண்ணாரப்பேட்டை எம்.சி.ரோட்டுக்குத்தான் துணி எடுக்கப் போகும். கூட்டம் நெரிசலாக இருக்கும். ஆனால், "இந்தப் பேட்டைக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?" என்று கேட்டால், அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் யோசிப்பார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் துணி வியாபாரம் செய்த காலம் அது. கப்பல் கப்பலாகத் துணி வெளிநாடு போயிற்று.

தறியில் இருந்து இறங்கிய துணி பழுப்பாக இருக்கும். அதில் கஞ்சிப் பசை இருக்கும், அழுக்கு இருக்கும். அதை அப்படியே கப்பலில் ஏற்ற முடியுமா? வெளுக்க வேண்டும். அலச வேண்டும். உலர்த்த வேண்டும்.

அந்த வேலையைச் செய்த சலவைத் தொழிலாளர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. அவர்கள் கை பட்ட பிறகே துணி வெளுத்தது. வெளுத்த பிறகே விலை போயிற்று.

இதே போன்ற ஒரு வண்ணாரப்பேட்டை நம் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் இருக்கிறது. இரவு பகல் பாராமல் அங்கே சலவை நடக்கிறது. வெளுக்கப்படுவது துணி அல்ல; ரத்தம்!

அந்தப் பேட்டையின் பெயர் சிறுநீரகம். "கிட்னி" என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

தினம் 12 குடம்

முதுகெலும்புக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றாகச் சிறுநீரகங்கள் இரண்டு. பார்க்க அவரை விதை போல் இருக்கும். மூடிய கை அளவு. ஒன்றின் எடை ஏறத்தாழ 150 கிராம்.

அளவு சிறிது. வேலையோ மலை போன்றது!

இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் 1 லிட்டர், நேரே சிறுநீரகங்களுக்குப் போய்விடுகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத சிறிய வடிகட்டிகள். இவற்றுக்கு 'நெப்ரான்' என்று பெயர். ஒவ்வொன்றிலும் ஒரு சல்லடை உண்டு. அதை ஒட்டி நீளமான ஒரு மெல்லிய குழாயும் உண்டு.

சல்லடை வழியாக ஒரு நாளில் இறங்கும் நீர் 180 லிட்டர்! குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 12 குடம்.

இத்தனை நீரும் சிறுநீராக வெளியே போனால் மனிதன் என்ன ஆவான்? ஒரு நாள்கூடத் தாங்க மாட்டான்.

அதனால், மெல்லிய குழாய்கள் அந்த நீரைத் திரும்ப உறிஞ்சி ரத்தத்திலேயே சேர்த்துவிடுகின்றன. நல்ல சத்தும் உப்பும் திரும்பிப் போகின்றன. அழுக்கு மட்டும், ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் நீரோடு வெளியேறுகிறது.

எவ்வளவு நீரைத் திருப்பி எடுப்பது? எவ்வளவை வெளியே விடுவது? இதைச் சிறுநீரகம் தானாக முடிவு செய்வதில்லை. அதற்கு மேலிடத்தில் இருந்து செய்தி வர வேண்டும்!

தலைமை நிலையச் செய்தி

மூளையின் அடியில், பட்டாணி அளவில் ஒரு சுரப்பி தொங்குகிறது. அதன் பெயர் பிட்யூட்டரி.

உடம்பில் நீர் குறைந்தால் மூளைக்குத் தெரிந்துவிடும். உடனே அந்தச் சுரப்பியில் இருந்து ஒரு பொருள் ரத்தத்தில் கலக்கும். அதன் பெயர் வாசோப்பிரசின்.

வாயில் நுழையாத பெயர்தான். நாம் அதை 'நீர் காக்கும் தூதன்' என்று வைத்துக்கொள்வோம். "தண்ணீர் குறைகிறது. வெளியே விடாதே. திருப்பி அனுப்பு!" என்பதே அந்தத் தூதன் கொண்டுபோகும் செய்தி.

இந்தப் பொருள் எதனால் ஆனது என்பதைக் கண்டறிந்து, அதை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்தும் காட்டினார் அமெரிக்க விஞ்ஞானி வின்சென்ட் டு விக்னோ. 1955-ம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

தூதன் வந்துவிட்டான். சிறுநீரகத்தின் குழாயில் உள்ள உயிரணு அந்தச் செய்தியை எப்படிக் கேட்கிறது?

உயிரணு என்பது, உடம்பு என்னும் கட்டடத்தின் செங்கல். ஒவ்வோர் உயிரணுவுக்கும் வெளிச்சுவர் உண்டு. அந்தச் சுவரில் 'காது' போன்ற ஓர் அமைப்பு இருக்கிறது. தூதன் உள்ளே நுழைவதில்லை. தபால்காரர் வாசலில் நின்று கடிதத்தைக் கொடுப்பது போல, அந்தக் காதில் செய்தியைச் சொல்வதோடு அவன் வேலை முடிந்தது.

உள்ளே இருக்கும் இன்னொரு தூதன் அந்தச் செய்தியை வாங்கிக்கொண்டு ஓடுகிறான். அந்த இரண்டாவது தூதனைக் கண்டுபிடித்தவர் ஏர்ல் சதர்லாண்ட் என்ற அமெரிக்கர். அவருக்கு 1971-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

திறக்கும் குழாய்கள்

செய்தி உள்ளே போனதும் என்ன நடக்கிறது?

உயிரணுவுக்குள் சின்னஞ்சிறு தண்ணீர்க் குழாய்கள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. செய்தி கிடைத்த உடனே அவை சுவருக்கு வந்து பொருந்துகின்றன. நீர் அவற்றின் வழியே பாய்ந்து ரத்தத்துக்குத் திரும்புகிறது. செய்தி நின்றுவிட்டால், குழாய்கள் மறுபடியும் உள்ளே போய்விடுகின்றன.

இந்த நீர்க் குழாய்களுக்கு 'அக்குவாப்போரின்' என்று பெயர். இவற்றைக் கண்டுபிடித்த அமெரிக்க டாக்டர் பீட்டர் ஆக்ரே, 2003-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

இவற்றில் ஒரே ஒரு குழாய் வழியாக, ஒரு வினாடியில் ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகள் பாயக்கூடும்! தெருக் குழாயில் தண்ணீருக்காக வரிசையில் நின்று பழகியவர்கள் இதைக் கேட்டால் மூக்கில் விரலை வைப்பார்கள்.

ஆக, சிறுநீரகம் தன் இஷ்டத்துக்கு ஆடும் உறுப்பு அல்ல. செய்தியைக் கேட்டு நடக்கும் உறுப்பு. செய்தி சரியாக வரும் வரை, அதன் வேலையும் சரியாக நடக்கும்.

இங்கேதான் மது வந்து நுழைகிறது.

180 போனால் 600 போகும்

வயிற்றில் விழுந்த மது சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறிவிடுகிறது. அங்கே அது செய்யும் குறும்புகளில் ஒன்று, நீர் காக்கும் தூதனைப் புறப்பட விடாமல் தடுப்பது!

தூதன் வராததால் சிறுநீரகத்துக்குச் செய்தி கிடைப்பதில்லை. குழாய்கள் உள்ளே போய்விடுகின்றன. திரும்ப வேண்டிய நீர் வெளியே ஓடுகிறது. குடித்தவர் அடிக்கடி சந்து பக்கம் ஒதுங்குவதற்குக் காரணம் இதுதான்.

இதை அளந்து பார்த்தவர் இங்கிலாந்தின் பெண் விஞ்ஞானி கிரேஸ் எகிள்டன். 1942-ம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, 1 கிராம் மதுவுக்கு ஏறத்தாழ 10 மில்லி லிட்டர் சிறுநீர் கூடுதலாகப் போகிறது என்று காட்டியது.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். 'குவார்ட்டர்' என்பது 180 மில்லி. பிராந்தி, ரம் போன்றவற்றில் 42.8 சதவீதம் மது. அப்படியானால், ஒரு குவார்ட்டரில் உள்ள மது ஏறத்தாழ 60 கிராம்.

எகிள்டன் கணக்குப்படி, அதனால் கூடுதலாக வெளியேறும் நீர் ஏறத்தாழ 600 மில்லி! உள்ளே போனது 180. அதனால் வெளியே போவதோ அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

காலையில் நாக்கு வறள்கிறது, தலை வலிக்கிறது, சிறுநீர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போகிறது. "தண்ணீர் போதவில்லை" என்று உடம்பு அப்போது முறையிடுகிறது. இராத்திரி முழுவதும் செய்தி கிடைக்காமல் நீரைக் கொட்டிவிட்ட சிறுநீரகம், விடிந்ததும் மிச்சத்தைச் சேமிக்கப் பாடுபடுகிறது.

பீர் குடித்தால் கல் கரையுமா?

"இன்னா நைனா, கிட்னியிலே கல்லா? ரெண்டு பீரு உடு! தானா கரைஞ்சு போயிடும்!"

வடசென்னையில் இந்த வைத்தியத்தைச் சொல்லாத டீக்கடை இல்லை. சொல்பவருக்கு நல்ல எண்ணம்தான். ஆனால், விஷயம் தவறு.

பீரில் கல் கரைவதில்லை. சிறிய கல்லாக இருந்தால், அது பெரும்பாலும் தானாகவே சிறுநீரோடு இறங்கிவிடும். போதிய தண்ணீர் குடித்தாலே போதும். கல் தன் போக்கில் இறங்கும். பெயர் பீருக்குப் போகும்!

பீர் குடித்தால் சிறுநீர் நிறையப் போவது உண்மை. அது ஏன் என்று மேலே பார்த்தோம். பிறகு உடம்பில் நீர் வற்றுகிறது. சிறுநீர் கெட்டியாகிறது. கெட்டியான சிறுநீர்தான் கல் உருவாக ஏற்ற இடம்.

இன்னொன்றும் உண்டு. பீரில் 'பியூரின்' என்ற பொருள் இருக்கிறது. உடம்புக்குள் அது யூரிக் அமிலமாக மாறும். கல்லில் ஒரு வகை, அந்த யூரிக் அமிலத்தாலேயே ஆனது.

பெரிய கல் சிறுநீர்ப் பாதையை அடைத்துக்கொண்டிருக்கும்போது, பீரை நம்பி நாளைக் கடத்தினால், சிறுநீரகமே வீணாகிவிடலாம்.

மூட்டை தூக்கும் உடம்பு

துறைமுகத்தில் சரக்கு ஏற்றுபவர், காசிமேட்டில் வலை இழுப்பவர், எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் உலை முன்னால் நிற்பவர் - இவர்கள் எல்லோரும் வெயிலிலும் வெப்பத்திலும் வேலை செய்பவர்கள். பகலில் வியர்வையாகவே உடம்பின் நீர் நிறையப் போய்விடும்.

மாலையில் உடம்பு வலிக்கிறது. வலி தீர ஒரு குவார்ட்டர். காலையில் மறுபடியும் வலிக்கிறது. கடையில் கேட்டு வாங்கி, வெறும் வயிற்றில் ஒரு வலி மாத்திரை.

இந்த மூன்றும் சேருவதுதான் ஆபத்து!

உடம்பில் நீர் குறையும்போது, சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களை விரித்து வைக்க ஒரு செய்தி உண்டு. "தண்ணீர் குறைவுதான், ஆனாலும் சலவையை நிறுத்தாதே" என்று சொல்லும் செய்தி அது. டைக்ளோபினாக், புரூபென் போன்ற வலி மாத்திரைகள் அந்தச் செய்தியை அமுக்கிவிடும்.

வியர்வையால் நீர் போயிற்று. மதுவால் இன்னும் போயிற்று. மாத்திரையால் ரத்தமும் சுருங்கிற்று. இப்படிப்பட்ட நேரத்தில் சிறுநீரகம் திடீரென்று வேலையை நிறுத்திவிடக்கூடும்.

அளவு மீறிக் குடித்துவிட்டு, கை கால் மடங்கியபடி மணிக்கணக்கில் மயங்கிக் கிடப்பவருக்கு வேறொரு ஆபத்து உண்டு. அழுந்திய தசை சிதைந்து, அதன் சத்து ரத்தத்தில் கலக்கும். அது நெப்ரான் குழாய்களை அடைத்துவிடும். மறுநாள் சிறுநீர் டீத்தூள் நிறத்தில் போனால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இரண்டு ஸ்டான்லிகள்

வண்ணாரப்பேட்டைக்காரர்கள் "ஆஸ்பத்திரி" என்று சொன்னால், அது பழைய ஜெயில் ரோட்டில் உள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரிதான்.

1782-ம் ஆண்டில், பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்ற எழுந்த மணியக்காரர் சத்திரத்தில் இருந்து வளர்ந்தது அது. "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான். பிற்காலத்தில், சென்னை கவர்னராக இருந்த ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. 1938-ம் ஆண்டு அது மருத்துவக் கல்லூரி ஆயிற்று.

இன்னொரு ஸ்டான்லியும் இருக்கிறார். அவர் ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்க விஞ்ஞானி.

1960-களின் தொடக்கத்தில் அவர் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருந்து ஒரு சாறு எடுத்தார். அதை எலிக் குஞ்சுகளுக்கு ஊசி மூலம் ஏற்றினார். என்ன ஆச்சரியம்! வழக்கத்தைவிடப் பல நாள் முன்னதாகவே குஞ்சுகள் கண் திறந்துவிட்டன!

அந்தச் சாற்றில், "வளர், பெருகு" என்று உயிரணுவுக்குச் செய்தி சொல்லும் ஒரு பொருள் இருந்தது. இந்த வகைப் பொருள்களுக்கு 'வளர்ச்சிக் காரணி' என்று பெயர். 1986-ம் ஆண்டு, ரீட்டா லெவி மொந்தால்சினி என்ற பெண் விஞ்ஞானியோடு சேர்த்துக் கோஹனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த வளர்ச்சிச் செய்திக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம்! கோஹன் கண்டுபிடித்த பொருளை நம் சிறுநீரகமும் தயாரிக்கிறது.

நெப்ரான் குழாயின் உள்பக்கம், செங்கல் அடுக்கியது போல உயிரணுக்கள் வரிசையாக இருக்கின்றன. விஷத்தாலோ, நீர் வற்றுவதாலோ சில உயிரணுக்கள் செத்து உதிரும். அப்போது பக்கத்தில் பிழைத்திருக்கும் உயிரணுக்களுக்கு வளர்ச்சிச் செய்தி போகிறது. அவை பிளந்து, பெருகி, ஓட்டையை அடைக்கின்றன. திடீரென்று நின்றுபோன சிறுநீரகம் பல நோயாளிகளுக்கு மறுபடியும் வேலை செய்யத் தொடங்குவது இப்படித்தான்.

ஆனால், இதற்கும் ஓர் எல்லை உண்டு. உதிர்ந்த உயிரணுவுக்குப் பதில் உயிரணு வரும். ஒரு நெப்ரானே அடியோடு அழிந்துவிட்டால், அதற்குப் பதில் இன்னொரு நெப்ரான் முளைக்காது. பிறக்கும்போது கொண்டுவந்த சொத்து அது. செலவு உண்டு, வரவு கிடையாது.

வளர்ச்சி மங்கும், தழும்பு ஓங்கும்

தினம் குடிப்பவர் உடம்பில் இந்தப் பழுது பார்க்கும் வேலைக்கு என்ன ஆகிறது?

குடித்த மதுவில் பெரும்பகுதியைக் கல்லீரல் எரிக்கிறது. கொஞ்சம், சிறுநீரகத்திலும் எரிகிறது. எரியும்போது 'அசிட்டால்டிஹைடு' என்ற நஞ்சு உண்டாகிறது. நிலைகெட்ட ஆக்சிஜன் வகைகளும் கிளம்புகின்றன. அடுப்பில் ஈர விறகை வைத்தால் புகை கிளம்புவது போல!

இந்தப் 'புகை' உயிரணுவின் சுவரைக் கெடுக்கிறது. உள்ளே இருக்கும் சக்தி நிலையங்களைக் கெடுக்கிறது. செய்தி கேட்கும் காதையும், அதை உள்ளே கொண்டுபோகும் தூதர் வரிசையையும் குலைக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களிலும், எலிகளிலும் விஞ்ஞானிகள் இதைச் சோதித்திருக்கிறார்கள். மது புகுந்த இடத்தில், "வளர், பெருகு" என்ற செய்தி மங்கிவிடுகிறது.

மாறாக, வேறொரு செய்தி ஓங்குகிறது. அது, "தழும்பு போடு" என்ற செய்தி!

கையில் காயம் பட்டால் தழும்பு விழுகிறது அல்லவா? சிறுநீரகத்துக்குள்ளும் திரும்பத் திரும்பக் காயம் பட்டால் அதே கதைதான். தழும்பு விழுந்த இடத்தில் ரத்தம் சலவை ஆகாது. ஒரு நெப்ரான் போகும். பிறகு இன்னொன்று. மிச்சம் இருப்பவை இரண்டு மடங்கு பாடுபட்டு, அவையும் சீக்கிரம் களைத்துவிடும்.

இதோடு, அதிகக் குடி ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. சர்க்கரை நோய்க்கு அடுத்தபடியாகச் சிறுநீரகத்தின் பெரிய எதிரி ரத்த அழுத்தமே. குடியால் கல்லீரல் முற்றிலும் கெட்டுப்போனால், அதன் பின்னாலேயே சிறுநீரகமும் நின்றுபோவது உண்டு.

நியாயமாகச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வாய், தொண்டை, உணவுக் குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பு ஆகியவற்றில் புற்றுநோய் வர மது காரணம் என்பது உறுதி. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988-ம் ஆண்டிலேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்துவிட்டது. ஆனால், அந்த உறுப்புகளின் வரிசையில் சிறுநீரகம் இல்லை. கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்குச் சிறுநீரக நோய் கூடுதலாக வருவதாகவும் எல்லா ஆய்வுகளும் காட்டவில்லை.

அதற்காக, "அப்படியானால் குடிக்கலாம்" என்று யாரும் துள்ள வேண்டாம். உடம்புக்குத் தீங்கு செய்யாத மது அளவு என்று எதுவும் இல்லை என 2023-ம் ஆண்டு ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. வண்ணாரப்பேட்டைச் சந்தில் 'கொஞ்சம்' என்று தொடங்கியது எத்தனை வீடுகளில் 'கொஞ்ச'மாகவே நின்றிருக்கிறது?

தாயின் வயிற்றில்

நெப்ரான்கள் எப்போது உருவாகின்றன தெரியுமா? குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே! ஏறத்தாழ 36-வது வாரத்தோடு அந்த வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு, ஆயுள் முழுவதும் புதிதாக ஒன்றுகூட உருவாகாது.

கிளை விட்டு வளரும் செடி போல, கருவின் சிறுநீரகத்தில் குழாய்கள் கிளை விட்டுப் பிரிகின்றன. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் நெப்ரான்கள் தோன்றுகின்றன. "இங்கே கிளை விடு, இங்கே நில்" என்று செய்திகள் பறந்துகொண்டே இருக்கும்.

அந்த நேரத்தில் தாய் மது அருந்தினால், அது கருவுக்கும் போய்விடும். கருவுற்ற ஆடுகளுக்கும் எலிகளுக்கும் மது கொடுத்துச் சோதனை செய்தார்கள். அவற்றின் குட்டிகள் குறைந்த நெப்ரான்களோடு பிறந்தன. சொத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டே அவை உலகுக்கு வந்தன!

அதனால்தான், கர்ப்பிணி ஒரு சொட்டு மதுவும் தொடக்கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். "சளிக்கு நல்லது" என்று கர்ப்பிணிக்கோ குழந்தைக்கோ பிராந்தி கொடுப்பதும் தவறு.

தலைப்புச் செய்தி ஆகாத சாவு

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த கொடுமையை மறக்க முடியாது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒரே தெருவில் வரிசையாகப் பிணங்கள் கிடந்த காட்சி நாட்டையே உலுக்கியது.

மெத்தனால் உடம்பில் பார்மிக் அமிலமாக மாறும். ரத்தத்தில் அமிலம் ஏறும். கண் பார்வை போகும். அத்தனை விஷத்தையும் உடனே கழுவ இயற்கைச் சிறுநீரகத்தால் முடியாது. அதனால்தான், இயந்திரத்தால் ரத்தத்தைக் கழுவும் டயாலிசிஸ் அதற்கு ஒரு முக்கிய சிகிச்சையாக இருக்கிறது.

ஒரே நாளில் நடந்த சாவு தலைப்புச் செய்தி ஆயிற்று. ஆனால், முத்திரை குத்திய பாட்டிலைத் தினமும் குடித்து, 10 வருடத்தில், 15 வருடத்தில் சிறுகச் சிறுகச் சிறுநீரகத்தை இழப்பவரை யார் எழுதுகிறார்கள்?

மதுவிலக்குச் சட்டம் வரும், போகும். 1937-ல் சேலத்தில் வந்தது. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் தளர்ந்தது. 1974-ல் மீண்டும் வந்தது. 2003-ல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடைகளைத் திறந்தது. ஆனால், சிறுநீரகத்தின் சட்டம் மட்டும் மாறவில்லை.

வலிக்காத உறுப்பு

பல் கெட்டால் வலிக்கும். சிறுநீரகம் இப்படிச் சிறுகச் சிறுகக் கெட்டால் பெரும்பாலும் வலிப்பதில்லை. பாதிக்கு மேல் போன பிறகும் மனிதன் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பான், சிரித்துக்கொண்டிருப்பான்.

கால் வீங்குகிறது. காலையில் முகம் உப்புகிறது. சிறுநீரில் நுரை நிற்கிறது. சாப்பாடு பிடிப்பதில்லை. மூச்சு வாங்குகிறது. இவை எல்லாம் தெரியும்போது, காலம் கடந்திருக்கும்.

அதன் பிறகு டயாலிசிஸ்தான். ஹாலந்து நாட்டு டாக்டர் வில்லம் கோல்ப், இரண்டாவது உலகப் போரின் நடுவே, 1943-ம் ஆண்டில் அந்த இயந்திரத்தை உருவாக்கினார். இறைச்சி அடைக்கப் பயன்படும் செல்லோபேன் உறையைச் சுற்றிச் சுற்றி அதைச் செய்தார். இன்று லட்சக்கணக்கானோர் அந்த வழியில் உயிர் வாழ்கிறார்கள்.

ஆனால், கூலிக்குப் போகும் குடும்பத்தில் அதன் பொருள் என்ன? வழக்கமாக வாரத்துக்கு 3 நாள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம். அரசு ஆஸ்பத்திரியில் பணம் வாங்காமல் செய்தாலும், அந்த 3 நாள் கூலி போய்விடும். துணைக்குப் போகும் மனைவியின் கூலியும் போய்விடும்.

இராப்பகலாக, இலவசமாக உள்ளே நடந்துகொண்டிருந்த சலவையை, வெளியே வாரத்தில் 12 மணி நேரம் செய்ய வேண்டிய நிலை!

என்ன செய்யலாம்?

வீட்டில் குடிப்பவரோ, சர்க்கரை நோயாளியோ, ரத்த அழுத்தக்காரரோ இருந்தால், வருடத்துக்கு ஒரு முறை 3 சோதனைகள் செய்துகொள்வது நல்லது. சிறுநீரில் புரதம் போகிறதா? ரத்தத்தில் 'கிரியாட்டினின்' எவ்வளவு? ரத்த அழுத்தம் எவ்வளவு? அரசு ஆஸ்பத்திரியிலேயே இவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

வெயிலில் வேலை செய்பவர்கள் தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கூடாது. குடித்த மறுநாள் வலி மாத்திரை கூடவே கூடாது.

குடியை விட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல வருடம் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும். சிலருக்கு வலிப்பும் வரும். அதைப் பார்த்துப் பயந்து, "குடிக்காவிட்டால் உயிர் போய்விடும்" என்று வீட்டாரே வாங்கிக் கொடுப்பது உண்டு. அது தேவை இல்லை. டாக்டர் மேற்பார்வையில், மருந்தோடு நிறுத்தலாம். அரசு ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. காய்ச்சலுக்கு மருந்து வாங்குவது போன்றதே!

நல்ல செய்தியும் இருக்கிறது. குடியை நிறுத்திய அன்றே நீர் காக்கும் தூதனின் வழி திறந்துவிடும். வாரங்கள் போகப் போக ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கும். புதிய காயம் படாது. உயிரோடு மிஞ்சிய நெப்ரான்கள் மிஞ்சியபடியே நிற்க வாய்ப்பு உண்டு. போனது வராது. ஆனால், இருப்பது போகாமல் காக்கலாம்.

துணி கிழிந்தால் எம்.சி.ரோட்டில் வேறு துணி எடுக்கலாம். தவணைக்குக்கூடக் கிடைக்கும். உடம்புக்குள் இருக்கும் வண்ணாரப்பேட்டைக்குப் பதில் பேட்டை எந்தக் கடையிலும் கிடையாது.

அடுத்த சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு, கால் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அதைப் பொறுத்து இருக்கிறது அந்தப் பேட்டையின் ஆயுள்!